ஐந்தடிச் சந்தில் ஜப்பான் தோட்டம்: சென்னை வீட்டில் செய்வது, காப்பாற்றுவது

வீட்டுக்கும் காம்பவுண்டு சுவருக்கும் நடுவில் நாலடி, ஐந்தடிக்கு ஒரு சந்து. சென்னையில் தனி வீடு வைத்திருக்கும் எல்லோருக்கும் தெரிந்த இடம்தான். மீந்த டைல்ஸ், காய்ந்துபோன பெயின்ட் டப்பா, பையன் வளர்ந்த பிறகு யாரும் தொடாத சைக்கிள் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். நங்கநல்லூரில் எங்கள் வீட்டுச் சந்தும் அப்படித்தான் கிடந்தது, ஐந்தடி அகலம், எட்டடி நீளம். அதை ஜப்பான் பாணித் தோட்டமாக மாற்றி நான்கு வருடம் ஆகிறது. முதல் வருடம் முழுக்கத் தப்பு செய்வதிலேயே போனது என்பதால், அந்தத் தப்புகளையும் சேர்த்தே எழுதுகிறேன்.

இடம் சின்னது என்று யோசிக்காதீர்கள். ஜப்பானின் கியோட்டோ நகரத்துப் பழைய வியாபாரிகள் வீடு நம் அக்ரஹார வீடு மாதிரி, முகப்பு குறுகல், உள்ளே ரயில் பெட்டி போல நீளம். வெளிச்சமும் காற்றும் வர நடுவில் ஒரு குட்டி முற்றம் விட்டு, அதில் நாலு கல்லும் ஒரு செடியும் வைப்பார்கள். அதற்கு த்சுபோனிவா என்று பெயர். ஒரு 'த்சுபோ' என்றால் இரண்டு தத்தாமி பாய் விரிக்கும் இடம், ஏறக்குறைய 36 சதுர அடி. என் சந்து 40. ஆக இடம் கொஞ்சம் கூடுதலாகவே இருந்தது.

முதலில் நாற்காலி

எதுவும் வாங்காதீர்கள். தோட்டத்தை எங்கிருந்து பார்க்கப் போகிறீர்களோ அங்கே ஒரு நாற்காலியைப் போட்டு உட்காருங்கள். இந்த வகைக் குட்டித் தோட்டம் வீட்டுக்குள்ளிருந்து பார்ப்பதற்காகப் போடுவது; உள்ளே இறங்கி நடப்பது தண்ணீர் ஊற்றவும் பெருக்கவும் மட்டும். எங்களுக்கு அது சாப்பாட்டு மேசைப் பக்கத்து ஜன்னல். உட்கார்ந்தபடி பார்த்தால் கிரில்லின் குறுக்குக் கம்பி எதை மறைக்கிறது, ஏசி யூனிட் கண்ணில் படுகிறதா, எதிர்ச் சுவரில் எந்த இடம் தானாகக் கண்ணை இழுக்கிறது என்று ஒரு காகிதத்தில் குறித்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் வெயில். ஒரு ஞாயிற்றுக்கிழமை மணிக்கு ஒரு தடவை எட்டிப் பார்த்து, வெயில் விழும் இடத்தைச் சாக்பீசால் தரையில் கோடு போடுங்கள். ஒரு நாள் பார்த்தால் போதாது, அங்கேதான் நான் ஏமாந்தேன். எங்கள் சந்து வீட்டுக்கு வடக்கே இருக்கிறது. ஜனவரியில் பார்த்தபோது பொட்டு வெயில் இல்லை, சரி, வருடம் முழுக்க நிழல்தான் என்று ஃபெர்ன் வரிசையாக வைத்தேன். மே முதல் ஜூலை வரை சென்னையில் நடுப்பகல் சூரியன் உச்சிக்குச் சற்று வடக்கே போய்விடும் என்பது, வைகாசியில் அத்தனை ஃபெர்னும் அப்பளம் மாதிரி கருகிய பிறகுதான் உறைத்தது.

சுவருக்கு மேலே என்ன தெரிகிறது என்றும் பாருங்கள். வெளியே இருக்கும் மலையையோ மரத்தையோ தோட்டத்தின் பின்னணியாகச் சேர்த்துக்கொள்வதற்கு ஜப்பானில் ஷாக்கே என்று பெயர், கடன் வாங்கிய காட்சி. எனக்கு மலை கிடையாது, பக்கத்து வீட்டு வேப்பமரம் இருக்கிறது. சுவரையே சாம்பல் கலந்த மண் நிறத்தில் அடித்து, ஏசி யூனிட் இருக்கும் பக்கம் மட்டும் மூங்கில் தட்டி கட்டினேன். தட்டியைத் தரையில் ஊன்றாமல் இரண்டு அங்குலம் தூக்கிக் கட்டுங்கள், இல்லாவிட்டால் ஒரே மழைக்காலத்தில் கரையான் கணக்கைத் தீர்த்துவிடும். கட்டுக்குப் பச்சை நைலான் கயிறு வேண்டாம், தேங்காய் நார்க் கயிறு போதும்.

தரையும் வடிகாலும்

ஐப்பசி, கார்த்திகையில் ஒரே இரவில் பத்து சென்டிமீட்டருக்கு மேல் மழை கொட்டும் ஊர் இது. 2015 டிசம்பரும் 2023-இன் மிக்ஜாம் புயலும் யாருக்கும் மறந்திருக்காது. அதனால் கல், செடி எல்லாவற்றுக்கும் முன்னால் தண்ணீர் எந்தப் பக்கம் போகும் என்று முடிவு செய்யுங்கள். குப்பையை அள்ளிவிட்டு நான்கு அங்குலம் மண்ணைத் தோண்டி, நூறு அடிக்கு ஓரடி என்ற கணக்கில் சரிவு கொடுத்து, எட்டடி நீளத்துக்கு ஓர் அங்குலம் சரிந்தால் போதும், அதை மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குத் திருப்பிவிடுங்கள். மண்ணைத் திம்ஸ் கட்டையால் இடித்து நன்றாகக் கெட்டிக்கவும். கோரைப் புல் இருந்தால் கிழங்கோடு தோண்டி எடுத்த பிறகே அடுத்த வேலை. அது பாலிதீனையே துளைத்துக்கொண்டு வரும். மேலே தண்ணீரைக் கீழே விடும் ஜியோ டெக்ஸ்டைல் துணி விரியுங்கள். பாலிதீன் ஷீட் விரித்தால் தண்ணீர் தேங்கி அடியில் நாறும்.

கூரை விளிம்பிலிருந்து தண்ணீர் சொட்டும் கோட்டில் ஓர் அடி அகலத்துக்குப் பெரிய கூழாங்கல் நிரப்புவது ஜப்பானிய வழக்கம், அமாஒச்சி என்பார்கள். நம் சன்ஷேடுக்குக் கீழேயும் அப்படியே செய்யலாம். சேறு சுவரில் தெறிக்காது. வடிகால் வாயில் ஒரு வலையும் போடுங்கள். நான் போடவில்லை. முதல் நவம்பரில் ஜல்லி எல்லாம் குழாய்க்குள் போய் அடைத்து, இரவு பதினொரு மணிக்கு முழங்கால் தண்ணீரில் நின்று கம்பி விட்டுக் குத்தினேன்.

மொட்டை மாடியில் செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஆட்கள் நடமாடும் மாடியை வடிவமைக்கும்போது பொதுவாகச் சதுர மீட்டருக்கு 150 கிலோ சுமை என்றுதான் கணக்கு வைக்கிறார்கள். இரண்டு அங்குல ஜல்லி மட்டுமே அதில் பாதியைத் தின்றுவிடும். ஒரு கன அடிக் கருங்கல் 75 கிலோவுக்குக் குறையாது. கட்டட இன்ஜினியரைக் கேட்காமல் மாடியில் பாறை ஏற்றாதீர்கள்.

கல்

இந்தத் தோட்டத்தின் உயிர் இதில்தான் இருக்கிறது. செடி இல்லாமல் ஜப்பான் தோட்டம் உண்டு, கல் இல்லாமல் பார்ப்பது கஷ்டம். கியோட்டோவின் ரியோஆன்ஜி கோயிலில் வெள்ளை ஜல்லி, 15 கற்கள், கற்களைச் சுற்றிக் கொஞ்சம் பாசி, அவ்வளவுதான். திண்ணையில் எங்கே உட்கார்ந்தாலும் ஒரு கல்லாவது மறைந்தே இருக்கும்படி வைத்திருக்கிறார்கள்.

கல்லுக்காக எங்கேயும் அலைய வேண்டியதில்லை, நாமே கல் ஊர்க்காரர்கள். பரங்கிமலை, பல்லாவரம் பக்கத்துக் கருநீலப் பாறைக்குச் சார்னோகைட் என்று பெயர். கல்கத்தாவை நிறுவியவர் என்று சொல்லப்படும் ஜாப் சார்னாக்கின் கல்லறையில் பதித்த கல் இந்தப் பாறை. அதை ஆராய்ந்த ஹாலண்ட் என்ற புவியியலாளர் 1893-இல் அவர் பெயரையே பாறைக்கு வைத்துவிட்டார். மழையில் நனைந்தால் கரும்பச்சையும் நீலமும் கலந்து ஒரு மினுமினுப்பு வரும். ஆனால் மலையில் போய்ப் பெயர்க்காதீர்கள். பழைய வீடு இடிக்கும் இடங்களில் அஸ்திவாரக் கல் லோடு லோடாகக் கிடக்கிறது. நான் மூன்று தெரு தள்ளி ஒரு வீடு இடித்தபோது மேஸ்திரியிடம் கேட்டு, ஏழு கல்லை மீன்பாடி வண்டியில் கொண்டுவந்தேன். உளி படாத பக்கமாகத் தேடுங்கள், ஐம்பது வருடம் மண்ணில் கிடந்த கறை இருந்தால் இன்னும் நல்லது.

வைக்கும்போது ஒற்றைப்படை எண். எங்கள் இடத்துக்கு ஐந்து, மூன்றும் இரண்டுமாக. மூன்றில் ஒன்று உயரம், ஒன்று படுத்தாற்போல, ஒன்று அதன் காலடியில். உயரமான கல்லை நடு மையத்தில் வைக்காதீர்கள், ஓரத்திலிருந்து மூன்றில் ஒரு பங்கு தள்ளி வையுங்கள். ஒவ்வொரு கல்லிலும் மூன்றில் ஒரு பங்காவது மண்ணுக்குள் போக வேண்டும், அப்போதுதான் கீழே பெரிய மலையே இருந்து அதன் நுனி மட்டும் தெரிகிற மாதிரி இருக்கும். இதைக் கொத்தனாரிடம் புரியவைக்க எனக்கு அரை நாள் ஆனது.

"சார், வண்டி வெச்சு எடுத்தாந்த கல்ல பாதி மண்ணுக்குள்ள போட்டா என்னா சார் அர்த்தம்?"

"பாதி இல்லண்ணே, மூணுல ஒரு பங்கு."

"நல்லா நிமித்தி நட்டு, சிமென்ட்டு போட்டு விட்றேன். ஆயுசுக்கும் அசையாது."

அப்படி அவர் முதலில் நட்ட கல் அச்சு அசல் மைல்கல். செங்கல்பட்டு 40 என்று எழுதாததுதான் பாக்கி. பிடுங்கி, குழியை ஆழமாக்கி, கொஞ்சம் பின்னால் சாய்த்து, அடியில் உடைகல் செருகி மண்ணைக் கெட்டித்தோம். ஜன்னலுக்குள் நின்று நான் "இடது... இன்னும் இடது" என்று சொல்ல, அவர் கடப்பாரையால் நெம்ப, கடைசியில் அவரே இரண்டு அடி தள்ளி நின்று பார்த்து, "இப்ப அதுவா மொளைச்ச மாதிரி இருக்கு சார்" என்றார். இந்தச் சோதனை போதும், இனி ஒவ்வொரு கல்லுக்கும் இதையே கேளுங்கள். சிமென்ட் கூடவே கூடாது, அடுத்த வருடம் இடம் மாற்றத் தோன்றும்.

ஜல்லி

நான் செய்த பெரிய தப்பு, வெள்ளை மார்பிள் சிப்ஸ். இன்ஸ்டாகிராம் படத்தில் நன்றாகத்தான் இருக்கிறது. கத்திரி வெயிலில் ஜன்னல் பக்கம் கண்ணைத் திறக்க முடியவில்லை, வெளிச்சம் கூரை வரை அடித்தது. மழை வந்ததும் செம்மண் தெறித்து ரோஸ் ஆனது, மார்கழியில் பச்சை பிடித்தது. மொத்தத்தையும் அள்ளிவிட்டு வெளிர் சாம்பல் கிரானைட் சிப்ஸ், 6 எம்எம், வாங்கிப் போட்டேன். அதைவிடப் பெரிய கல்லில், ஜல்லிமேல் வாரியால் அழகுக்காக இழுக்கும் கோடு வராது, எம்-சாண்ட் மாதிரி பொடியாக இருந்தால் மழையில் கரைந்து ஓடிவிடும். இரண்டு அங்குலக் கனம் வேண்டும். 20 சதுர அடிக்கு ஏறக்குறைய 140 கிலோ பிடிக்கும். விரிக்கும் முன் கூடையில் போட்டு அலசுங்கள், கிரஷர் தூசி போகாவிட்டால் முதல் மழையிலேயே சிமென்ட் மாதிரி இறுகும்.

வாரி கடையில் கிடைக்கவில்லை. ஆசாரியிடம் சொல்லி ஒன்றரை அடி ரீப்பர் கட்டையில் ஓர் அங்குல இடைவெளிக்கு ஒரு பல்லாக மரப்பல் வைக்கச் சொன்னேன், பல்லின் நுனி மழுங்கலாக இருக்கட்டும். முதலில் தட்டைக் கட்டையால் சமப்படுத்தி, கல்லைச் சுற்றி இரண்டு மூன்று வளையம், மீதி முழுக்க நேர்கோடு. பின்னால் நடந்துகொண்டே இழுக்க வேண்டும். என் கோடு மூன்று மாதம் வரை பாம்பு மாதிரிதான் வந்தது. ஒரு நாள் அம்மா "குடு இப்படி" என்று வாங்கி, குனிந்து ஒரே மூச்சில் எட்டடியையும் இழுத்துவிட்டாள். அறுபது வருடமாக வாசலில் கோலம் போடுகிற கை.

தண்ணீர்

கை அலம்பக் குனிகிற உயரத்தில் ஒரு கல்தொட்டி, ஜப்பானில் த்சுகுபாய். தேநீர்ச் சடங்குக்குப் போகிறவர்கள் கையும் வாயும் சுத்தம் செய்துகொள்ள வைப்பது. இதைக் காசு கொடுத்து வாங்காதீர்கள், உங்கள் வீட்டுப் பரணிலோ கொல்லையிலோ ஆட்டுக்கல் கிடக்கும். குழவியை எடுத்துவிட்டால் குழியில் ஒரு சொம்புத் தண்ணீர் நிற்கும், அதுவே போதும். பழைய எந்திரக் கல்லையும் உடைந்த விளக்குத் தூணின் அடிக்கல்லையும் இப்படி வேறு வேலைக்குத் திருப்புவது அவர்களிடமும் பழைய பழக்கம், மிதாதே என்று பெயர் வைத்திருக்கிறார்கள். அந்த உற்சாகத்தில் அம்மிக்கல்லைப் படிக்கல்லாகப் போடலாமா என்று கேட்டுவிட்டேன். "அம்மி மிதிக்கிறது கல்யாணத்துல மட்டுந்தான்டா. எடுத்து உள்ள வை." அதோடு முடிந்தது. படிக்கு வேறு தட்டைக் கல் நாலு, தரைக்கு மேல் ஓர் அங்குலம் தெரியும்படி, நடைக்கு ஏற்ற ஒன்றரை அடி இடைவெளியில்.

தண்ணீர் ஓடும் சத்தம் வேண்டுமென்றால், ஆட்டுக்கல்லுக்கு அடியில் 20 லிட்டர் பெயின்ட் பக்கெட்டைப் புதைத்து, வாயில் கம்பி வலை போட்டுக் கூழாங்கல் நிரப்பி, உள்ளே 18 வாட்ஸ் கூலர் மோட்டார் ஒன்று. மூங்கில் குழாய் வழியாகத் தண்ணீர் ஆட்டுக்கல்லில் விழுந்து, வழிந்து, திரும்பப் பக்கெட்டுக்கே போகும். அந்த லைனுக்கு ஷாக் அடித்தால் ட்ரிப் ஆகும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி கட்டாயம். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் கல்லில் வெள்ளைப் படலம் பிடிக்கும், மழைத் தண்ணீரைப் பிடித்து வைத்து ஊற்றுங்கள்.

கொசு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டை இடும், ஒரு வாரம் பத்து நாளில் பறந்துவிடும். அதனால் வாரம் இரண்டு முறை முழுக்கக் கொட்டிவிட்டு, உள்பக்கத்தைத் தேங்காய் நாரால் தேயுங்கள், முட்டை தண்ணீர் மட்டத்துக்கு மேலே சுவரில் ஒட்டிக் காய்ந்தும் உயிரோடு இருக்கும். காக்கா தொல்லை தனி. எங்கிருந்தோ எலும்பும் காய்ந்த சப்பாத்தியும் கொண்டுவந்து ஆட்டுக்கல்லில் ஊறவைத்துச் சாப்பிடும். இதற்கு என்னிடம் மருந்து இல்லை.

செடி

ஒரு நர்சரியில் 'ஜப்பான் மேப்பிள்' என்று 1,800 ரூபாய்க்கு ஒரு கன்றை என் தலையில் கட்டினார்கள். மே மூன்றாம் வாரத்தில் போய்ச் சேர்ந்தது. மேப்பிளுக்கும் செர்ரிக்கும் இலை உதிர்த்துத் தூங்க நல்ல குளிர் வேண்டும். நம் மார்கழி இரவே 20 டிகிரிப் பக்கம். அந்த ஆசையை விட்டுவிட்டு, அந்த மரம் அங்கே என்ன வேலை செய்கிறது என்று பாருங்கள்.

பைன் மரத்துக்குப் பதில் சவுக்கு. ஈசிஆர் ஓரம் பார்த்துப் பார்த்துச் சலித்த அதே சவுக்குதான். ஊசி மாதிரி தெரிவது இலை இல்லை, கணுக்கணுவான குச்சி. இலை கணுவில் செதிலாக ஒட்டியிருக்கும். பதினெட்டு அங்குலத் தொட்டியில் வைத்து, கம்பியால் கிளையைக் கிடையாகக் கட்டி, நுனியைக் கிள்ளிக்கொண்டே இருந்தால் இரண்டு வருடத்தில் கடற்கரைக் காற்றில் வளைந்த மரம் மாதிரி வரும். அரை நாள் வெயிலாவது வேண்டும். பச்சை இல்லாத பழைய கட்டை வரை வெட்டாதீர்கள், துளிர்க்காமல் போகலாம். உருண்டையாகக் கத்தரித்து வைக்க நர்சரிகளில் காமினி என்று விற்கும் செடி, வெள்ளைப் பூ, நல்ல வாசம். மூங்கில் வேண்டுமென்றால் புதராக வளரும் புத்தா பெல்லி வகை, அதுவும் தொட்டியில். தண்ணீர்த் தொட்டி ஓரத்துக்கு ஹார்ஸ்டெயில், ஈரம் காயாமல் இருந்தால் போதும்.

பாசி பற்றித்தான் எல்லோரும் கேட்கிறார்கள். கியோட்டோவின் சைஹோஜி கோயிலில் சுமார் 120 வகைப் பாசி இருக்கிறது. நமக்கு ஐப்பசியில் செங்கல்லிலும் தொட்டியிலும் தானாக வந்து, மாசியில் காய்ந்து பழுப்பாகும், அதைச் சுரண்டாமல் விட்டால் அடுத்த ஐப்பசியில் திரும்ப வரும். வருடம் முழுக்கப் பச்சை வேண்டுமானால் நிழலில் குட்டை மோண்டோ புல், வெயிலில் கொரியன் புல். இன்னொன்று, தொட்டிகளில் தானாக முளைக்கும் கடுகளவு இலை கொண்ட பிலியா. நர்சரிக்காரர்கள் களை என்று பிடுங்கிப் போடுவார்கள், கேட்டால் சும்மாவே கொடுப்பார்கள், கல்லின் காலடியில் அமுக்கி வையுங்கள்.

மொத்தம் நான்கு வகைக்கு மேல் போகாதீர்கள். பாதி இடம் காலியாகத்தான் இருக்க வேண்டும், அதைக் காப்பாற்றுவதுதான் பெரிய வேலை. எங்கள் சித்தி கிரகப்பிரவேசத்தில் வந்த சிரிக்கும் புத்தரைக் கொண்டுவந்து ஜல்லி நடுவில் வைத்தார். ஃப்ரிட்ஜ் மேல் இருக்கிறது இப்போது. ஒரே ஓர் அலங்காரம் வேண்டுமென்றால் கல்விளக்கு. பிளாஸ்டிக் அச்சில் வார்த்ததைவிட மாமல்லபுரம் சிற்பிகளிடம் படத்தைக் காட்டினால் கருங்கல்லிலேயே செதுக்கித் தருவார்கள். தண்ணீர் ஓரமாக, கொஞ்சம் இலைக்குள் மறைந்து இருக்கட்டும்.

வருடம் முழுக்க

தினமும் பத்து நிமிடம் போதும். துடைப்பத்தால் பெருக்கினால் ஜல்லியும் சேர்ந்து வரும், இலையைக் கையால் பொறுக்குங்கள். கோடு வாரத்துக்கு இரண்டு முறை இழுத்தால் போதும். கத்திரியில் செடிக்குக் காலை ஆறு மணிக்குள் தண்ணீர். மாலையில் கல்லின் மேல் ஒரு குடம் தெளித்தால் சந்தே குளிர்ந்துவிடும். அந்த மாதத்தில் கத்தரிக்கோலைத் தொடாதீர்கள், கத்தரிப்பதெல்லாம் மழை ஓய்ந்து தை மாதத்தில். மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சோப்புக் கரைசல் சில சொட்டு. புரட்டாசிக் கடைசியில் வடிகால் வலையைக் கழற்றிச் சுத்தம் செய்யுங்கள். மழை நாளில் பெரிய ஆப்பிரிக்க நத்தை வரும், கையுறை போட்டு எடுங்கள்.

பூனைக்கு இந்த ஜல்லி பொதுக் கழிப்பறை. இரவில் ஜல்லிமேல் முள்கம்பு, ஆரஞ்சுத் தோல், எல்லாம் பார்த்தாயிற்று. படுக்கப் போகும்முன் நன்றாக நனைத்துவிட்டால் பெரும்பாலும் வருவதில்லை.

பங்குனியில் பக்கத்து வீட்டு வேம்பு இலை கொட்டும், அது பரவாயில்லை. அதற்குப் பின்னாலேயே பூ. வருடப் பிறப்புக்கு ஒரு வாரம் முன்னால் அம்மா, அப்பாவின் பழைய வேட்டியை ஜல்லிமேல் விரித்து, நாலு மூலைக்கும் என் படிக்கல்லையே பாரமாக வைத்துவிடுவாள், பச்சடிக்கும் ரசத்துக்கும் பூ வேண்டும். அந்த ஒரு வாரம் கோடு இழுக்கும் வேலை கிடையாது.